மிஸ்டர் சொன்னதும் நான் சொன்னதும்

முதல் நாளே அவர் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையை ஒட்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே சமன்படுத்திய மைதானம் அது. காலை ஆறரை மணி. இருபத்திரண்டு ஆட்டக்காரர்கள் அரைவட்டமாக நின்றார்கள். எதிரே ஸ்பெயினிலிருந்து வந்திருந்த புதுப் பயிற்சியாளர், அவர் பக்கத்தில் நான். கால் மணி நேரம் அவர்களை ஆடவிட்டுப் பார்த்துவிட்டு அவர் வாயைத் திறந்தார்.

"இது கால்பந்து இல்லை. பிணங்கள் நடை பழகுகிற மாதிரி இருக்கிறது. இதில் பாதிப் பேரை என் ஊரில் வெளியே போன பந்தை எடுத்துப் போடக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்."

இருபத்திரண்டு முகங்களும் என் பக்கம் திரும்பின. நான் தெலுங்கில் சொன்னேன். "வேகம் கொஞ்சம் போதவில்லையாம். ஆனால் நன்றாக முயற்சி செய்கிறீர்களாம்."

அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் கைதட்டினான். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு விசிலை எடுத்தார்.

நான் ஸ்பானிஷ் கற்றது கால்பந்துக்காக இல்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஸ்பெயினில் யார் வீட்டிலாவது வாஷிங் மெஷின் நின்றுபோனால் அவர்கள் செய்யும் போன் எங்கள் மேஜைக்கு வரும். ஈரத்துணி குவிந்து கிடக்கும் கோபத்தில் கண்டபடி கத்துவார்கள். அதைக் கேட்டு முடித்து, 'வாடிக்கையாளர் விரைவான சேவையை விரும்புகிறார்' என்று கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதினோரு வருடம் இதையே செய்தால் வாயும் அப்படிப் பழகிவிடும். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபோது, வேலையை விட்டுவிட்டுச் சித்தூருக்கே வந்துவிட்டேன். ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன் என்று எங்கள் சர்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாரும் வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒரே அழைப்பு ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி முதலாளியிடமிருந்து வந்தது. திருப்பதியில் ஒரு கால்பந்து கிளப் நடத்தி வந்தார் அவர். பெரிய கிளப்புகளுக்கெல்லாம் ஸ்பெயின்காரர்கள் பயிற்சியாளர்களாக இருப்பதை டிவியில் பார்த்து, தனக்கும் ஒருவர் வேண்டுமென்று ஏஜெண்ட் மூலம் வரவழைத்துவிட்டார். வந்த மனிதருக்கு ஆங்கிலம் பத்துச் சொல்தான் தெரியும் என்பது அவர் விமானத்திலிருந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஸ்பெயினில் ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரை 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். தன்னையும் அப்படியே கூப்பிடச் சொன்னார். எங்கள் ஆட்டக்காரர்களுக்கு மொட்டையாக மிஸ்டர் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளே, தெலுங்கில் மரியாதைக்குச் சேர்க்கும் 'காரு'வைச் சேர்த்து, 'மிஸ்டர் காரு' ஆக்கிவிட்டார்கள். ஐம்பத்தோரு வயது. நரைத்த தாடி. வலது முழங்காலை மடக்க முடியாததால் உட்காரும்போது அந்தக் காலை மட்டும் நீட்டி வைத்துக்கொள்வார்.

மூன்றாவது வாரம் மாட்டிக்கொண்டேன்.

ஒரு பயிற்சி ஆட்டத்தில் தோற்ற பிறகு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் கத்தினார். நான் இரண்டு வரியில் முடித்தேன். ஆட்டக்காரர்கள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அவர் என்னை மைதானத்தின் மூலைக்கு அழைத்துப் போனார்.

"நான் எவ்வளவு நேரம் பேசினேன்?"

"இரண்டு நிமிடம்."

"நீ?"

அவரே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"பத்து விநாடி. தெலுங்கு அவ்வளவு சின்ன மொழியா? ஒருவனுக்கும் கோபம் வரவில்லை. நான் சொன்னதில் பாதியைச் சொல்லியிருந்தால்கூட ஒருவனாவது என்னை முறைத்திருக்க வேண்டும்."

"அவர்கள் மனம் நொந்துபோவார்கள், மிஸ்டர். இங்கே அப்படிப் பேசினால் நாளைக்கு வரமாட்டார்கள்."

"வராமல் போவது அவர்கள் பாடு. அதற்கு முதலாளியிடம் திட்டு வாங்குவது என் பாடு. நீ என் வார்த்தையில் எதையும் சேர்க்காதே, எதையும் எடுக்காதே. முடியாது என்றால் இப்போதே சொல், நான் கையைக் காட்டிப் பேசிக்கொள்கிறேன்."

வேலை போய்விடுமோ என்பதைவிட, அவர் சொன்னது உண்மையாக இருந்ததுதான் உறுத்தியது. மறுநாள் முதல் அப்படியே சொன்னேன். 'பிணம்' என்றால் பிணம். முதல் இரண்டு நாள் ஆட்டக்காரர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். கேப்டன் ஒருவன்தான் வந்து கேட்டான்.

"அக்கா, இவ்ளோ நாளா இப்டிதான் திட்டிக்கினு இருந்தாரா?"

"ஆமா."

"அப்போ நல்லா ஆடறீங்கன்னு நீ சொன்னதெல்லாம்?"

"நானா சொன்னது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குடிபாலாவைச் சேர்ந்தவன், வீட்டில் தமிழ். அணியில் நடு டிஃபெண்டர். இருபத்தொன்பது வயது. ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகமாகப் பி.இ.டி. சார் வேலை. மனைவி மாசமாக இருந்தாள். மற்றவர்களிடம் தெலுங்கில் பேசுபவன், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவான். அந்த உரிமையில் எனக்கு அவன் தம்பி மாதிரிதான்.

தினமும் காலையில் கிளப் காரில் திருப்பதியிலிருந்து மிஸ்டரை அழைத்துப் போக வேண்டும். மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சாலை கடக்கும்வரை கார் நிற்கும். அந்த நேரத்தில்தான் அவர் தன்னைப் பற்றிப் பேசுவார். வட ஸ்பெயினில் ஒரு துறைமுக ஊர். அப்பாவுக்கு மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை. எட்டு வயதில் ஊர் கிளப்பில் சேர்ந்தார். பத்தொன்பதில் இரண்டாம் டிவிஷன். இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர். முதல் டிவிஷனில் ஒரே ஒரு பருவம், அதிலும் பாதி நாள் பெஞ்சில். இருபத்தெட்டு வயதில், மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டத்தில், வீங்கிய முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார். அதோடு சரி.

"டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லையா?"

"வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்."

அப்புறம் அதே ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. பிறகு மூன்றாம் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு மேனேஜர். அதை மேலே ஏற்றினார். அடுத்த குளிர்காலத்தில் வரிசையாகத் தோற்றபோது, வெளியூர் ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில், பஸ்ஸிலேயே வேலை போனதாகச் சொன்னார்கள். மீதி இரண்டு மணி நேரம் அதே பஸ்ஸில் ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து வந்தாராம். அதன்பின் பத்து வருடத்தில் ஆறு ஊர், மூன்று நாடு. மனைவி பிரிந்துவிட்டாள். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். திருப்பதியில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஒருநாள் போனபோது பார்த்தேன், பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தபடியே இருந்தது. அலமாரியில் ஒரு துணிகூட இல்லை.

ஏப்ரலில் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மாநில லீக்கில் கடைசி ஆட்டம் பாக்கி. தோற்காமல் இருந்தால் போதும், இறுதிச் சுற்றுக்குப் போய்விடலாம். முதலாளி நல்ல மனிதர்தான், குரலை உயர்த்திப் பேசிப் பார்த்ததில்லை. மெதுவாகத் தெலுங்கில் சொன்னார்.

"இறுதிச் சுற்றுக்குப் போனால் அடுத்த வருடமும் அவரே இருக்கட்டும். போகாவிட்டால் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடலாம். கொஞ்சம் பக்குவமாகச் சொல்லம்மா."

பக்குவமாகச் சொல்லவில்லை. அப்படியே சொன்னேன். மிஸ்டர் தலையசைத்தார். "நன்றி" என்றார். அது முதலாளிக்கா எனக்கா தெரியவில்லை.

அந்தக் கடைசி ஆட்டம் திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானத்தில், மாலை நான்கு மணிக்கு. ஒரு கோலுக்குப் பின்னால் மலை. வெயில் இன்னும் இறங்கவில்லை. கடலோரத்திலிருந்து வந்திருந்த எதிரணி உயரமான ஆட்களைக் கொண்டது. அவர்களுடைய முன்கள ஆட்டக்காரன் ஒருவன் தலையால் முட்டியே கோல் போடுபவன். அவனைக் கேப்டன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாரமாகப் பயிற்சி. போதாததற்கு, மேல் டிவிஷன் கிளப் ஒன்றிலிருந்து கேப்டனைப் பார்க்கவென்றே ஒருவர் வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார். அது கேப்டனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

முதல் பாதி முடியப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு கார்னர். கேப்டனும் அந்த உயரமானவனும் ஒரே நேரத்தில் எகிறினார்கள். மண்டையோடு மண்டை மோதிய சத்தம் எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது. உயரமானவன் எழுந்துவிட்டான். கேப்டன் எழவில்லை. எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஓடிப்போய் ஐஸ் வைத்து, பெயரென்ன, என்ன கிழமை, எந்த ஊர் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னானாம். எழுந்து கையை உயர்த்தினான். கூட்டம் விசிலடித்தது.

இடைவேளை வரை கோல் இல்லை. அங்கே உடை மாற்றும் அறை கிடையாது. மைதானத்தின் ஓரத்தில் போட்டிருந்த ஷாமியானாவில்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மிஸ்டர் பலகையில் காந்தக் காய்களை நகர்த்திப் பேச, நான் சொல்லிக்கொண்டு வந்தேன். முடித்ததும் அவர் கோல் கீப்பர் பக்கம் போனார். கேப்டன் தண்ணீர் பாட்டிலோடு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, நாம இப்போ எந்தப் பக்கம் அடிக்கணும்?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். "மலைப் பக்கம். இன்னா, கிண்டலா?"

"மல எந்தப் பக்கம் கீது?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் முகத்துக்குச் சற்றுத் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. ரெண்டு ரெண்டா தெரியுது. கொஞ்ச நேரத்துல சரியாப் பூடும். அவர்கிட்ட சொல்லாதக்கா."

"சொல்லாம எப்படி?"

"அக்கா, அந்தாளு என்னப் பாக்கத்தான் வந்து கீறாரு. இந்த வருசம் உட்டா எனக்கு முப்பது. அப்புறம் எவன் கூப்புடுவான்? வரப்போற புள்ள மேல ஆணையா கேக்கறேன், சொல்லாத. நீ நாம அடிக்கிற பக்கமா தள்ளி நில்லு, போதும். உன்னைப் பாத்து நான் தெரிஞ்சிக்கறேன்."

மிஸ்டர் திரும்பி வந்தார். கேப்டனின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார்.

"என்ன சொல்கிறான்?"

எதையும் சேர்க்காதே, எதையும் எடுக்காதே என்று சொன்ன மனிதர் கேட்கிறார். பதில் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"வெயில் அதிகமாக இருக்கிறதாம்," என்றேன்.

இரண்டாம் பாதி தொடங்கியது. நான் பெஞ்சில் உட்காரவில்லை. பெஞ்சுக்கு முன்னால் எங்கள் அணிக்கென்று கோடு போட்டிருந்த கட்டத்தின் மலைப் பக்கத்து ஓரத்தில் போய் நின்றேன். வெளிர்மஞ்சள் சுடிதார் போட்டிருந்தேன், தூரத்திலிருந்தே தெரியும். கேப்டன் ஒவ்வொரு முறை பந்து காலுக்கு வரும்போதும் முதலில் என்னைப் பார்த்தான். பிறகுதான் உதைத்தான்.

எனக்கு அந்த ஆட்டத்தில் பந்து எங்கே போனது என்று நினைவில்லை. அவனை மட்டும்தான் பார்த்தேன். ஒருமுறை எதிரணி த்ரோவுக்கு இவன் கையை நீட்டிக்கொண்டு போனான். ஒருமுறை கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். பார்த்தவர்கள் இளைப்பாறுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். மற்றபடி ஆடினான். அதுதான் என்னைக் குழப்பியது. நன்றாகவே ஆடினான். உயரமானவனை நெருங்கவே விடவில்லை. உடம்பு தானாக ஆடியது. ஒவ்வொரு கார்னருக்கும் அதே கேள்வி. இன்னொரு முறை மோதினால்? கர்த்தரே, பந்தை இந்தப் பக்கம் அனுப்பாதே என்று முணுமுணுத்தேன். இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம், சரியாகிவிட்டான் போலிருக்கிறது, இன்னும் ஐந்து நிமிடம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன்.

மிஸ்டர் ஒருமுறை என் பக்கம் வந்தார். "ஏன் அங்கே போய் நிற்கிறாய்? நான் சொல்வது உனக்கு எப்படிக் கேட்கும்?"

"கேட்கிறது, மிஸ்டர்."

"அவன் ஏன் உன்னையே பார்க்கிறான்?"

"தெரியவில்லை."

ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருந்திருக்கும். பந்து கேப்டனிடம் வந்தது. அந்த நேரம் பார்த்து லைன்ஸ்மேன் எனக்கு முன்னால் ஓடி வந்து நின்றுவிட்டார். என்னை அவனால் பார்க்க முடியவில்லை. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். சந்தையில் அம்மாவைத் தொலைத்த குழந்தையின் முகம் அது. மூன்று விநாடி இருக்கலாம். பிறகு எங்கள் கோலைப் பார்த்தே பலமாக உதைத்தான். கோல் கீப்பர் பாய்ந்து காலை நீட்டிப் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார். கேலரியில் சிரித்தார்கள்.

நான் ஓடினேன். மிஸ்டரின் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். "அவனுக்கு இரண்டிரண்டாகத் தெரிகிறது. எந்தப் பக்கம் ஆட வேண்டும் என்று தெரியவில்லை. இடைவேளையிலேயே சொன்னான். நான் உங்களிடம் மறைத்துவிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் நான்காவது ரெஃப்ரியிடம் விரலைச் சுழற்றிக் காட்டி, பெஞ்சிலிருந்த மாற்று டிஃபெண்டரை எழுப்பினார். கேப்டனின் எண்ணைப் பலகையில் தூக்கிக் காட்டினார்கள். கேப்டன் வரவில்லை. கையை விரித்து, நானா, நானா என்று கேட்டான். ரெஃப்ரி கூப்பிட்டார், அப்போதும் வரவில்லை. மிஸ்டர் அந்த மடங்காத காலை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே நடந்துவிட்டார். ரெஃப்ரி மஞ்சள் அட்டையைக் காட்டினார். அதை அவர் பார்க்கக்கூட இல்லை. கேப்டனின் இரண்டு தோளையும் பிடித்து, ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக்கொண்டே வெளியே கூட்டி வந்தார்.

கோட்டைத் தாண்டியதும் கேப்டன் என்னைப் பார்த்துக் கத்தினான். "சொல்லிட்டியா? சொல்லிட்ட இல்ல? போதுமா? நல்லா இரு நீ!"

பெஞ்சில் போய்த் துண்டால் தலையை மூடிக்கொண்டான். "என்ன சொன்னான்?" என்கிற மாதிரி மிஸ்டர் என்னைப் பார்த்தார். அப்படியே சொன்னேன். "நல்லா இரு" என்பதை எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. அது வாழ்த்து இல்லை என்று விளக்கினேன்.

ஆறு நிமிடம் பாக்கியிருக்கும்போது ஒரு கார்னர். உயரமானவன் தனியாக எழும்பினான். எங்கள் மாற்று டிஃபெண்டர் அவன் இடுப்பு உயரத்தில் இருந்தான். பந்து வலைக்குள் போனது. அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்த விசில் ஊதியபோது கேப்டன் பெஞ்சுக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். வேண்டாம் என்று சொல்லத் தலையை ஆட்டினான், பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் சிறிய ரத்தக்கசிவு. ஆபரேஷன் தேவைப்படாது, ஆனால் சில நாள் கண்காணிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"அடிபட்டதும் வெளியே கூட்டி வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இன்னொரு அடி பட்டிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்பேன்."

வெளியே பெஞ்சில் கேப்டனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். குடிபாலாவிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். அவளிடம் டாக்டர் சொன்னதை நான்தான் சொன்னேன். அதில் எதையும் குறைக்கவில்லை. இடைவேளையில் நடந்ததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அது சொல்லாதன்னு சொன்னா நீ கேட்டுடுவியா?" என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை சித்தூரில் முதலாளியின் அலுவலகம். மாம்பழ சீசன் தொடங்கியிருந்தது. வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன, கூழின் இனிப்பு வாடை அறைக்குள் வரை இருந்தது. முதலாளி முதலில் கேப்டனின் உடம்பைப் பற்றி விசாரித்தார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் கிளப் பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு மிஸ்டரைப் பார்த்தார்.

"நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரை ஏன் எடுத்தீர்கள்? அவர் கேட்டாரா?"

"இல்லை," என்றார் மிஸ்டர்.

"பிசியோ சொன்னாரா?"

"இல்லை. என் முடிவு."

"அடிபட்டவுடனே எடுத்திருந்தால் சரி என்பேன். இல்லை, கடைசிவரை விட்டிருந்தாலும் ஒரு கணக்கு இருக்கிறது. இடையில் எடுத்ததுதான் எனக்குப் புரியவில்லை."

நான் மொழிபெயர்த்தேன். மிஸ்டர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "அப்போதுதான் நான் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டும். தவறு என்னுடையது," என்றார்.

அதைத் தெலுங்கில் சொல்லி முடித்தேன். நிறுத்தாமல் தொடர்ந்தேன். "சார், இது நான் சொல்வது. எனக்கு இடைவேளையிலேயே தெரியும். அவர் கேட்டபோது பொய் சொன்னேன். அவர் மேல் தப்பு இல்லை."

முதலாளி என்னை வியப்போடு பார்த்தார். கோபப்படவில்லை. "அம்மா, மீரு டிரான்ஸ்லேட் செய்யண்டி, சாலு," என்றார். நான் மொழிபெயர்த்தால் மட்டும் போதுமாம்.

மிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "இப்போது நீ கூடுதலாக என்ன சொன்னாய்?"

சொன்னேன்.

"அதை நான் சொல்லவில்லையே," என்றார். "என் பேச்சில் அதைச் சேர்க்காதே."

ஒப்பந்தம் முடிந்தது என்று முதலாளி சொன்னதையும் நான்தான் சொன்னேன். இருவரும் எழுந்து கைகுலுக்கினார்கள். முதலாளி ஒரு பெட்டி பங்கனப்பள்ளி மாம்பழம் கொடுத்தனுப்பினார். விமானத்தில் கொண்டுபோக முடியுமா என்று மிஸ்டர் கேட்கச் சொன்னார். யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ரேணிகுண்டாவில் விமான நிலையத்துக்கு வெளியே நானும் அவரும் நின்றோம். கேப்டனைப் பார்க்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கேப்டன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். இருந்தும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

"என் மேல் கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

"நிறைய இருக்கிறது. கோலுக்காக இல்லை. வேலைக்காகவும் இல்லை. அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காக."

அவர் காலை நீட்டிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"என் கடைசி ஆட்டத்தில் எனக்குக் குனிந்து லேஸ் கட்ட முடியவில்லை. உடைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஒருவர் இருந்தார். அவர்தான் கட்டிவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்று காலில் விழாத குறையாக அவரிடம் கெஞ்சினேன். அவர் சொல்லவில்லை. இன்னமும் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வருவார், நான் ஊரில் இருந்தால். நல்ல மனிதர். ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன்."

"என்ன கேட்க?"

"ஏன் சொல்லவில்லை என்று." எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். "நீ தாமதமாகச் சொன்னாய். ஆனால் சொன்னாய். அதைப் பெரிதாகவும் எடுத்துக்கொள்ளாதே, சின்னதாகவும் எடுத்துக்கொள்ளாதே."

கையசைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

கேப்டனுக்கு முழுதாகக் குணமாக ஐந்து மாதம் ஆனது. இனி தலையால் முட்டும் ஆட்டம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மேல் டிவிஷன் கிளப்பிலிருந்து அவனைப் பார்க்க வந்தவர் கூப்பிடவே இல்லை. பெண் குழந்தை பிறந்த செய்தி மற்ற ஆட்டக்காரர்கள் மூலம்தான் எனக்கு வந்தது. நான் அனுப்பிய வாழ்த்துக்குக் கீழே இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. நானும் கிளப்பிலிருந்து விலகி, வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்யத் தொடங்கினேன். இயந்திரக் கையேடுகள்தான் அதிகம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல், யாரும் கத்த மாட்டார்கள்.

போன வருடக் கடைசியில் ஒரு மாலை வாசலில் பைக் நின்றது. நைனாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கேப்டன். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் ஸ்பைரல் போட்ட ஒரு தடித்த புத்தகம்.

"கோச்சிங் லைசென்ஸுக்குச் சேந்துக் கீறேன். எல்லாம் இங்கிலீஷு. பாதி புரியல," என்றான். வாசலிலேயே நின்றான்.

"உள்ளே வா."

"கோவம் தீந்துடுச்சின்னு நெனச்சிக்காத. இன்னும் கீது."

"இருக்கட்டும். வா."

நைனா அவனைப் பார்த்துக் கோணலாகச் சிரித்தார். அவன் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, மேஜையில் புத்தகத்தை விரித்தான். தற்காப்பு வரிசையை எப்படி நகர்த்துவது என்ற பாடம். அம்புக்குறி போட்ட படங்கள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவன் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டான். இரண்டாவது வாரம் வந்தபோது தலைக்காயம் பற்றிய பாடம் வந்தது. ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நான் நிறுத்தினேன்.

"படிக்கா," என்றான். "ஒரு வரி உடாம படி."

படித்தேன். அவன் எழுதவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். இப்போது சித்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். தேர்வில் எழுத்துத் தாளில் முதல் முறை தோற்றுவிட்டான். மறுபடி எழுத மார்ச் வரை நேரம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் வருகிறான்.